பக்கத் தையலில் ஒரு மொழி

எங்கள் வீட்டுக்கு இத்தாலிய மொழி வந்தது பிசிறு வெட்டும் மூட்டையில். அம்மா பக்கத்து பனியன் கம்பெனியிலிருந்து பீஸ் கணக்கில் டி-ஷர்ட் கொண்டுவருவார். சாயங்காலம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து தொங்கும் நூல்களை நானும் அக்காவும் சேர்ந்து வெட்டிக் கொடுப்போம். இடுப்புக்கு மேலே, இடதுபுறத் தையலின் உள்பக்கம், வெள்ளை ரிப்பனில் அச்சடித்த ஒரு பட்டை தைத்திருக்கும். வாஷ்கேர் லேபிள் என்று அதற்குப் பேர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் எழுத்துக்கூட்டினால் ஆங்கிலம் வரவில்லை. 'லவாரே', 'ஸ்திராரே', 'நோன் கந்தெஜ்ஜாரே'. ஏதோ கம்பெனி முதலாளிகளின் பெயர் என்று நினைத்துக்கொண்டோம். அக்கா என்னை ரொம்ப நாள் 'டேய் லவாரே' என்றுதான் கூப்பிட்டாள்.

பிறகு நானே ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகப் போனபோது அந்தப் பட்டையின் வாசகங்களைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதியானது. அப்போதுதான் தெரிந்தது, அவை பெயர்கள் அல்ல, வினைச்சொற்கள். லவாரே என்றால் துவைப்பது. ஸ்திராரே, இஸ்திரி போடுவது. கந்தெஜ்ஜாரே, ப்ளீச் செய்வது. நோன் என்பது 'இல்லை, கூடாது'. நம் ஊர்க்காரர்கள் சொல்லும் 'இஸ்திரி'யே போர்த்துகீசிய 'எஸ்திரார்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு இழுத்து விரிப்பது என்று பொருள். இத்தாலிய 'ஸ்திராரே' அதற்குத் தங்கச்சி முறை. அதாவது அந்தப் பட்டையில் இருந்த ஒரு சொல் அம்மாவுக்கு முன்பே தெரிந்த சொல். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இந்த வினைச்சொற்களுக்கு ஆள் கிடையாது. 'நீ துவை' என்றோ 'நீங்கள் துவையுங்கள்' என்றோ அவை சொல்வதில்லை. அகராதியில் இருக்கும் நிலையிலேயே நிற்கின்றன. தமிழிலும் இதற்கு ஒரு வழக்கு உண்டு. கோயில் வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்', வங்கியில் 'வரிசையில் நிற்கவும்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். யாரும் யாரிடமும் வாயால் 'விடவும்' என்று பேசுவதில்லை. சுவர் மட்டுமே அப்படிப் பேசும். இத்தாலியச் சட்டைக்குள் இருக்கும் 'லவாரே'யும் இந்தச் சுவர்த்தமிழின் 'துவைக்கவும்'தான். யார் துவைப்பது என்று அதில் இல்லை.

யார் துவைத்தார்கள் என்பதில் ஒரு தமிழ்ச் சரித்திரம் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன் இத்தாலி திருப்பூருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1925-இல் குலாம் காதர் சாகிப் தொடங்கிய பின்னலாலையிலிருந்துதான் திருப்பூர் தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது வெள்ளை பனியனும் ஜட்டியும் உள்நாட்டுச் சந்தைக்குப் பின்னிக் கொடுத்த ஊர். 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்தார். ஏற்றுமதி பற்றி ஊரில் யார் பேசினாலும் இந்தப் பெயரில்தான் தொடங்குவார்கள். 1981-இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைத்தொடர் வந்தது. 1984-இல் சுமார் 10 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி இப்போது ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. காம்பாக்டிங் மிஷின், சாய மிஷின் என்று இத்தாலிய இயந்திரங்களும் பின்னாலேயே வந்தன.

ஆனால் யாரும் இத்தாலியன் படிக்கவில்லை. தேவைப்படவில்லை. வாங்குபவர் தன் ஊர் ஆங்கிலத்தில் மெயில் போடுவார், நாங்கள் எங்கள் ஊர் ஆங்கிலத்தில் பதில் போடுவோம். இரண்டுமே அரைகுறை என்பதால் சண்டை வராது. மிஷின் பழுதானால் வரும் இத்தாலிய மெக்கானிக்கும் நம் ஃபிட்டரும் ஸ்பேனரைக் காட்டிப் பேசிக்கொள்வார்கள். காசு இரண்டு பக்கமும் இருக்கும் இடத்தில் மொழி அவ்வளவு பெரிய தடை இல்லை. இத்தாலியன் தேவைப்பட்டது அந்தப் பட்டைக்கு மட்டும்.

அதிலும் பட்டை எழுதுபவர் வேறு, தைப்பவர் வேறு. இத்தாலியில் 1973 நவம்பர் 26-ஆம் தேதிச் சட்டம் ஒன்று, துணியில் என்ன நார் எவ்வளவு இருக்கிறது என்பதை எழுதித் தைக்க வேண்டும் என்றது. 'கொத்தோனே 100%' என்று நீங்கள் பார்க்கும் வரி அந்தச் சட்டத்தின் வாரிசு. இன்று ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும், விற்கும் நாட்டின் மொழியில் நார் விவரம் இருக்க வேண்டும் என்று 2011-இல் வந்த ஒழுங்குமுறை சொல்கிறது. துவைக்கும் குறிப்புகளுக்குத் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் என்று ஐந்து படங்கள். 1963-இல் பாரிஸில் தொடங்கிய ஓர் அமைப்பின் சொத்து அவை. படமே போதும்தான். இருந்தாலும் வாங்குபவர்கள் பலர் சொற்களையும் கேட்பார்கள்.

1973 என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் வந்து 22 நாள் கழித்து, டிசம்பர் 18-ஆம் தேதி, இத்தாலி வேறொரு சட்டம் போட்டது. வீட்டில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் அது. காரணம், அப்போது அங்கேயும் ஒரு திருப்பூர் இருந்தது. மோதெனா மாகாணத்தில் கார்ப்பி என்று ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் மரச்சீவலில் தொப்பி பின்னியவர்கள், இரண்டாம் உலகப்போருக்குப் பின் பின்னலாடைக்கு மாறினார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் சமையலறையில் மிஷின் போட்டுப் பின்னினார்கள். இத்தாலியனில் 'மாலியா' என்றால் பின்னல். அதிலிருந்து பின்னலாடைக்காரி 'மாலியாயா', டி-ஷர்ட் 'மாலியெத்தா'. எங்கள் திண்ணையில் நடந்த வேலை அவர்கள் திண்ணையிலும் நடந்திருக்கிறது. அவர்களுக்குச் சட்டம் வந்தது, கூலி ஏறியது, வேலை கிழக்கே நகர்ந்தது. அதில் ஒரு துண்டுதான் மூட்டையாக அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

ஒரு தடவை என் கவனக்குறைவால் ஒரு தப்பு நடந்தது. லேபிள் அச்சடிப்பவர் அனுப்பிய மாதிரியில் 'நோன் கந்தெஜ்ஜாரே' என்ற வரியில் 'நோன்' விடுபட்டிருந்தது. நான் பார்த்து ஓகே கொடுத்துவிட்டேன். கருநீலத் துணி. 'ப்ளீச் செய்யக் கூடாது' என்பது 'ப்ளீச் செய்யவும்' என்று மாறிப்போய் 4,800 பீஸிலும் தைத்தாகிவிட்டது. கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது கண்டுபிடித்தார்கள். செக்கிங் அக்காமார் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பக்கத் தையலைப் பிரித்துப் பட்டையை எடுத்தார்கள். "ஏனுங்க, இதுல என்னதான் எழுதியிருக்குதுங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். சொன்னேன். "இத்தாலிக்காரனுக்குத் துணி தொவைக்கத் தெரியாதுங்களா?" என்றார். அப்போது சிரித்தோம். மறுநாள்தான் அந்தக் கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது. ஒரு சின்ன இத்தாலியன் பாடப்புத்தகம் வாங்கினேன். இனி 'நோன்' விடுபடக் கூடாது என்ற பயம்தான் முதல் காரணம்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பாடம் முழுக்க வீட்டு வேலை. தரையைத் துடைப்பது, துணி காயப்போடுவது, குப்பையை இறக்கி வைப்பது, படுக்கை விரிப்பது. சுற்றுலாப் பயணிக்கு இதெல்லாம் எதற்கு? புத்தகத்தின் மனதில் வேறு மாணவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போனபோது தமிழர்களிடமே வந்து நின்றேன்.

சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர், எண்பதுகளின் நடுவிலிருந்து, இங்கே வந்து சேர்ந்தார்கள். பலருக்கு அது போகும் வழியில் ஒரு ஊர். ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று நினைத்துக் கிளம்பி வழியில் தங்கியவர்கள். இத்தாலியில் அகதி அந்தஸ்து கிடைப்பது அப்போது கடினம், ஆனால் வேலை இருந்தது. நகரத்தின் வசதியான வீடுகளில் சமைக்க, துடைக்க, துவைக்க, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முன்பு இந்த வேலைக்கு இத்தாலியின் கிராமத்துப் பெண்களும், பிறகு எரித்ரியா, கேப் வெர்டே, பிலிப்பைன்ஸ் பெண்களும் வந்திருந்தார்கள். பலெர்மோவில் அந்த இடத்துக்குத் தமிழர்கள் வந்தார்கள். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும். ஊரில் விளக்குமாற்றைத் தொட்டிராத ஆண்கள் பலர் துடைப்பதையும் இஸ்திரி போடுவதையும் இத்தாலிய மொழியில்தான் முதலில் கற்றார்கள். அவர்களுக்கு ஸ்கோப்பா என்பது விளக்குமாற்றின் மொழிபெயர்ப்பு அல்ல. அதுதான் அந்தப் பொருளின் பெயர்.

இத்தாலிய அரசு சும்மா இருக்கவில்லை. 1986 டிசம்பரில் ஒரு சட்டம், 1990-இல் மார்த்தெல்லி சட்டம் என்று அடுத்தடுத்து வந்து, ஆவணமில்லாமல் இருந்தவர்களுக்கு அனுமதிச்சீட்டு பெற வழி திறந்தது. 2002-இல் குடியேற்றத்தை இறுக்குவதற்காக வந்த பொஸ்ஸி-ஃபீனி சட்டத்தோடு ஒட்டி நடந்த முறைப்படுத்தலில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சீட்டு பெற்றார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டு வேலை செய்பவர்களும் முதியோரைப் பராமரிப்பவர்களும். குடியேறிகள் வேண்டாம் என்று மேடையில் பேசிய கட்சிக்காரர்களின் வீட்டிலும் அப்பாவைக் குளிப்பாட்ட ஆள் வேண்டியிருந்தது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். வீட்டு வேலைக்கான இத்தாலியச் சட்டம் 1958-லேயே வந்துவிட்டது. 1974-இலிருந்து தேசிய அளவில் ஊதிய ஒப்பந்தமும் உண்டு. விடுப்பு, போனஸ், வார ஓய்வு எல்லாம் எழுத்தில் இருக்கிறது. வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர் 'ஃபிஸ்ஸோ', மணிக்கணக்கில் வந்துபோகிறவர் 'அ ஓரே'. தமிழர்கள் முதலில் ஃபிஸ்ஸோவாக இருந்து, மனைவி பிள்ளைகள் வந்ததும் அ ஓரேவுக்கு மாறுவது வழக்கமான பாதை.

இனி மொழிக்கு வருகிறேன். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இத்தாலியச் சமையலறை முழுக்க அந்நியம் இல்லை. போர்த்துகீசியர் ஆண்ட மண் அது. அவர் ரொட்டியைப் 'பாண்' என்பார். இத்தாலியனில் அது 'பானே'. அவர் சமையலறையைக் 'குசினி' என்பார், இங்கே 'குச்சீனா'. அவர் கைக்குட்டையை 'லேஞ்சி' என்பார், இங்கே படுக்கை விரிப்பு 'லென்ட்சுவோலோ'. இரண்டும் ஒரே லத்தீன் லினன் துணியின் பேரப்பிள்ளைகள். அலமாரி, 'அர்மாதியோ'. நம் ஊர்ச் சாவி 'கியாவே' ஆகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் அதைத் திறப்பு என்பார்கள், அந்த வகையில் அவருக்கு ஒரு சொல் நஷ்டம்.

உச்சரிப்பில் தமிழ்க் காதுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இத்தாலியனில் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். 'காஸா' என்றால் வீடு, 'காஸ்ஸா' என்றால் பெட்டி. 'பாலா' மண்வெட்டி, 'பால்லா' பந்து. ஆங்கிலேயர்கள் இதில் தடுமாறுவார்கள். படு, பட்டு என்று பிரித்துப் பேசி வளர்ந்தவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஐயாவையும் அம்மாவையும் அழைக்கும் 'சிஞ்ஞோரே', 'சிஞ்ஞோரா'வில் வரும் அந்த மெல்லொலி நம் ஞகரம்தான். குளியலறை 'பாஞ்ஞோ'. தமிழ் எழுத்துக்கு இவ்வளவு பொருத்தமாக இன்னொரு ஐரோப்பிய மொழி இருக்குமா தெரியவில்லை. சிக்கல் வேறு பக்கம். நம் எழுத்தில் ப-வுக்கும் அதன் கனத்த ஒலிக்கும், த-வுக்கும் அதன் கனத்த ஒலிக்கும் ஒரே வடிவம். இத்தாலியனில் சொல்லின் முதலில் அவை மாறினால் பெஞ்சு வங்கியாகும்.

இலக்கணத்தில் முதல் அதிர்ச்சி பால். தமிழில் விளக்குமாறும் வாளியும் அஃறிணை. அவற்றுக்கு ஆண் பெண் கிடையாது. இத்தாலியனில் விளக்குமாறு பெண், வாளி ஆண், துடைக்கும் துணி ஆண், துவைத்த துணிமூட்டை ஆண், சட்டை பெண். உயர்திணை அஃறிணை பார்த்துப் பழகிய மனதுக்கு இது ஏதோ வாளிக்குப் பூணூல் போட்ட மாதிரி. ஆனால் இரண்டாவது விஷயத்தில் தமிழ் நேராக இத்தாலியனின் தோளில் கை போடுகிறது. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு சோப்பு வேணும்', 'எனக்குத் தலை வலிக்குது' என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கும் நம் பழக்கம் அப்படியே அங்கே இருக்கிறது. 'மி பியாச்சே', எனக்குப் பிடிக்கும். 'மி ஸெர்வே இல் ஸபோனே', எனக்கு சோப்பு தேவை. ஆங்கிலம் வழியாக இத்தாலியன் படிப்பவர்கள் இந்த இடத்தில் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கும். ஒட்டுகளும் அப்படித்தான். 'தாம்மெலோ' என்ற ஒரே சொல்லில் 'கொடு', 'எனக்கு', 'அதை' மூன்றும் ஒட்டியிருக்கும். 'எடுத்துட்டு வந்துடு' என்று பேசுகிறவருக்கு இது என்ன பெரிய விஷயம்.

ஆனால் வீட்டு வேலைக்குப் போகிறவர் மொழியைக் கற்பது புத்தகத்தில் இல்லை, கட்டளையில். முதல் நாள் காதில் விழுவது 'லாவா', 'ஸ்தீரா', 'புலீஷி'. துவை, இஸ்திரி போடு, சுத்தம் பண்ணு. எல்லாம் நீ, ஒருமை ஏவல். இத்தாலியனிலும் நீ, நீங்கள் உண்டு. நெருங்கியவருக்கும் குழந்தைக்கும் 'தூ'. மரியாதைக்கு 'லேய்'. லேய் என்றால் உண்மையில் 'அவள்'. எதிரில் நிற்பவர் ஆணாக இருந்தாலும் 'அவள்' என்று படர்க்கையில் பேசுவதே அங்கே மரியாதை. வீட்டுக்காரரைப் பெயர் சொல்லாமல் 'அவங்க' என்று சொல்லும் நம் பெண்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. தென்னித்தாலியில் நடுவில் 'வோய்' என்று இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருப்பதைப் போல. முசோலினி 1938-இல் 'லேய்' கூடாது, எல்லாரும் 'வோய்' சொல்லுங்கள் என்று பிரசாரமே நடத்தினார். ஒரு சர்வாதிகாரி பிரதிப்பெயரோடு மல்லுக்கு நின்ற கதையில் ஜெயித்தது பிரதிப்பெயர்.

பல வீடுகளில் சிஞ்ஞோரா வேலையாளை 'தூ' என்பார், வேலையாள் 'லேய்' என்று பதில் சொல்ல வேண்டும். இங்கேதான் இலக்கணம் விளையாட்டாக இல்லாமல் போகிறது. வினைமுடிவே மாறும். அவர் சொல்வது 'லாவா', திருப்பி அவரிடம் மரியாதையாகச் சொன்னால் அது 'லாவி'. அவர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொன்னால் அது அவமரியாதை. குழந்தை அம்மாவைக் கேட்டு மொழி கற்கிறது, அதேபோலப் பேசுகிறது. வேலையாள் கேட்பது ஒரு மொழி, பேச வேண்டியது இன்னொரு மொழி. கேட்டுக் கேட்டே கற்பவருக்கு 'லேய்' வடிவம் எங்கிருந்து கிடைக்கும்? வீட்டுக்கு வரும் தபால்காரரிடம், மருத்துவரிடம் சிஞ்ஞோரா பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான். நாற்பது வயது மனிதர், ஊரில் வாத்தியாராகவோ கடை முதலாளியாகவோ இருந்து மற்றவர்களிடமிருந்து 'நீங்கள்' வாங்கிப் பழகியவர், இங்கே பதினெட்டு வயதுப் பையனிடமிருந்து 'தூ' வாங்குகிறார். எங்கள் கொங்குப் பக்கத்தில் ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க என்று மூச்சுக்கு மூச்சு 'ங்க' போடுவோம். கம்பெனியில் முதலாளி தொழிலாளியைக் கூப்பிடும்போது அந்த 'ங்க' எங்கே காணாமல் போகிறது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொண்டேன்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 'தூ' ஏவலுக்கு எதிர்மறை செய்ய வேண்டுமானால் இத்தாலியன் ஏவல் வடிவத்தைப் பயன்படுத்துவதில்லை. 'நோன்' போட்டு அகராதி வடிவத்தைச் சேர்க்கிறது. 'தொடாதே' என்பது 'நோன் தொக்காரே'. 'ப்ளீச் போடாதே', 'நோன் கந்தெஜ்ஜாரே'. அதாவது சட்டைக்குள் இருக்கும் பட்டையின் வாசகமும், பின்னால் நின்று அதட்டும் சிஞ்ஞோராவின் வாசகமும் ஓர் எழுத்து மாறாமல் ஒன்றே. 'செய்' என்று சொல்லும்போது பட்டைக்கு ஆள் இல்லை, வீட்டில் ஆள் உண்டு. 'செய்யாதே' என்று சொல்லும்போது இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. நான் விட்டுவிட்ட 'நோன்' இவ்வளவு பெரிய சொல் என்று அன்றைக்குத் தெரியாது.

எதிர்த்திசையில் வந்த இத்தாலியர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. ரொபெர்த்தோ தெ நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, சந்நியாசியாக உடையுடுத்தி, பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டு வாழ்ந்தார். அவருடைய வீட்டுத் தமிழின் முதல் ஏவல்களை அந்தச் சமையல்காரர் கேட்டிருப்பார். நூறு ஆண்டுக்குப் பின் வந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர், பேச்சுத்தமிழுக்கென்றே லத்தீனில் 'கொடுந்தமிழ்' இலக்கணம் எழுதினார். அவர் கடுமையாகச் சாடிய லூத்தரன்களின் தரங்கம்பாடி அச்சகமே 1738-இல் அதை அச்சிட்டது. மறு கட்சிக்காரர் எழுதினாலும் பாடப்புத்தகம் பாடப்புத்தகம்தான். பெஸ்கியின் சொந்த ஊர் கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. இன்று அந்த வட்டாரம் காலுறைப் பின்னலுக்குப் பேர்போனது. வீரமாமுனிவர் ஊர்க்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்கள் மாதிரிதான் என்று நான் திருப்பூரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தப் பாதிரிகளுக்குக் கற்பிக்கப் பண்டிதர்கள் இருந்தார்கள். நோபிலி மதுரைக்கு வந்து ஏறத்தாழ 380 ஆண்டு கழித்து இத்தாலியரின் சமையலறைக்குப் போன தமிழருக்குப் பாடம் எடுத்தது வாளியும் துணியும்.

பலெர்மோத் தமிழர்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லாரும் மொந்தே பெல்லெக்ரீனோ மலையைச் சொல்வார்கள். 1624-இல் நகரத்தில் கொள்ளைநோய் வந்தபோது அந்த மலைக்குகையில் கிடைத்த எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் நின்றது என்பது ஊர் நம்பிக்கை. அவை புனித ரொசாலியாவின் எலும்புகள். அன்றிலிருந்து அவள்தான் ஊர்க் காவல் தெய்வம். கத்தோலிக்கத் தமிழர்கள் மட்டுமல்ல, இந்துத் தமிழர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலையேறுகிறார்கள், செருப்பில்லாமல் ஏறுகிறவர்களும் உண்டு. நோய் தீர்க்கும் பெண் தெய்வம், குகை, மலை. இதற்கு விளக்கம் எதற்கு? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்தபோது கோயம்புத்தூர்க்காரர்கள் பிளேக் மாரியம்மனுக்கே கோயில் கட்டியவர்கள்.

வார நாள் முழுக்க 'தூ' கேட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த மலைப்பாதையில் தங்களுக்குள் நீங்கள், அண்ணை, அக்கா என்று பேசிக்கொண்டு ஏறியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சாமியிடம் எந்த மொழியில் வேண்டினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

2010-இல் இன்னொரு மாற்றம் வந்தது. நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி வேண்டுமானால் ஏ2 நிலையில் இத்தாலியன் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். 2018-இலிருந்து குடியுரிமைக்கு பி1. இருபது ஆண்டு சமையலறையில் வேலை செய்தவருக்குப் பேச்சு ஓடும், ஆனால் தேர்வு அந்தப் பேச்சைக் கேட்பதில்லை. 'நான் நேற்று என்ன செய்தேன்' என்று எழுதச் சொல்லும். இறந்தகாலத்தில் 'போனேன்' என்று எழுத இத்தாலியனில் ஆணென்றால் 'அந்தாத்தோ', பெண்ணென்றால் 'அந்தாத்தா' என்று தன்னைப் பற்றியே பால் காட்ட வேண்டும். நான், என்னை, என் குடும்பம், என் கருத்து. ஏவலில் கற்ற மொழியில் தன்மை இடம் குறைவு. அதற்காக மாலை வகுப்புகளுக்கு நரைத்த தலைகள் போயின. பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினார்கள். ஆனால் பல குடும்பங்கள் அந்தப் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கிலாந்துக்கு நகர்ந்துவிட்டன. ஆங்கிலம் இருந்தால் பிள்ளை வேறு வேலைக்குப் போகும் என்ற கணக்கு. அப்பா அம்மா அவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்த மொழி லண்டன் வீட்டில் பழைய ட்ரங்குப் பெட்டி மாதிரி கிடக்கும்.

வீட்டு வேலையாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் 2011-இல் ஜெனீவாவில் நிறைவேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலில் அதை ஏற்றுக்கொண்ட நாடு இத்தாலி, 2013-இல். இந்தியா இன்னும் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 2007-இல் ஒரு நலவாரியம் அமைந்தது. என் மனைவியும் நானும் வேலைக்குப் போகிற வீட்டில் பாத்திரம் கழுவ வரும் அக்காவிடம் நாங்கள் பேசும் வாக்கியங்களை ஒருநாள் எண்ணிப்பார்த்தேன். பெரும்பாலும் ஏவல். 'ங்க' போட்ட ஏவல் என்பதுதான் ஒரே ஆறுதல்.

போன மாதம் காதர்பேட்டையில் ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். ஏற்றுமதியில் மிஞ்சியது. கழுத்தில் பிராண்ட் லேபிளைக் கத்தரித்திருந்தார்கள். பக்கத் தையலில் இருப்பதை யாரும் கத்தரிப்பதில்லை, தையல் பிரிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பழக்கத்தில் முதலில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு பட்டையைத் தடவினார்.

"இதுல என்னடா போட்ருக்கு?"

வரிவரியாகச் சொன்னேன். முப்பது டிகிரியில் துவைக்கவும். ப்ளீச் செய்யக் கூடாது. உள்பக்கம் திருப்பி இஸ்திரி போடவும்.

"எத்தன வருசம் இத வெட்டிக் குடுத்தோம். எல்லாம் வேலைதானா? வேற ஒண்ணும் போடலியா?"

"வேற என்னம்மா போடுவாங்க?"

"இடுப்பு வலிக்குதுன்னு அவங்க பாசைல எப்படிச் சொல்லுவாங்க?"

'மி ஃபா மாலே லா ஸ்கியேனா' என்றேன். அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஸ்கியேனாவில் நாக்கு மாட்டியது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. சட்டையை மடித்து வைத்துவிட்டு, "மி ஃபா மாலே" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்தார்.